ஆள் வச்சாச்சு, இனிமே என்ன? மறதி நோய் வந்த பெரியவங்கள வீட்டுல வச்சு பாக்கறவங்களுக்கு

மலேசியாவுல ரப்பர் எஸ்டேட்ட விட்டு வெளிய வந்து, பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட் பக்கம் தாமான் (குடியிருப்பு) வீடுகள்ல குடியேறின தலைமுறைக்கு இப்ப எழுபது எம்பது வயசு ஆச்சு. பிள்ளைங்க பாதி பேரு கேஎல் (கோலாலம்பூர்), பினாங்கு, சிங்கப்பூர்னு வேலைக்குப் போயாச்சு, வீட்டுல இருக்கற ஒரு மகளோ மருமகளோதான் எல்லாத்தையும் இழுத்துட்டு இருக்காங்க, அப்புறம் முடியாம போயி வீட்டோட தங்கற மாதிரி ஒரு ஆள் வச்சிடறோம். ஆள் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனைக்கிறவங்களுக்குத்தான் இத எழுதறேன். பாரம் கொறையும், அது உண்மை. ஆனா பொறுப்பு கை மாறாது. வந்த ஆளுங்க ஆறு மாசத்துல ஓடிப் போறது பெரும்பாலும் பாட்டியோட தொல்லையால இல்ல, வீட்டு ஆளுங்க எல்லாத்தையும் அவ தலையில போட்டுட்டு ஒதுங்கிக்கறதாலதான். நான் எங்க அம்மாவுக்காக கத்துக்கிட்டது, அக்கம்பக்கத்துல பாத்தது எல்லாம் சேத்து சொல்றேன்.

மொதல்ல டாக்டர். "வயசாச்சு, மறதி இருக்கத்தான் செய்யும்"னு விட்டுறாதீங்க. 2018ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல 60 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா, அதாவது இந்த மறதி நோய், இருக்கலாம்னு கண்டாங்க, அப்படின்னா பன்னெண்டு பேருல ஒருத்தர், இது ஒண்ணும் அதிசய வியாதி இல்ல. சாவிய எங்கயோ வச்சிட்டு தேடறது மறதி. சாவி எதுக்குன்னே தெரியாம கையில வச்சு பாத்துட்டு இருந்தா, இல்ல நாப்பது வருஷமா வச்ச ரசத்துக்கு புளி ஊத்தணுமான்னு முழிச்சா, அது வேற. கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) காட்டி, ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. தைராய்டு கொறைஞ்சாலும், பி12 சத்து கொறைஞ்சாலும், மனசு ரொம்ப சோர்ந்து போனாலும் டிமென்ஷியா மாதிரியே தெரியும், அதையெல்லாம் சரி பண்ண முடியும். அங்கேருந்து சுராட் (கடிதம்) வாங்கிட்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு போகலாம். எந்த வகைன்னு கண்டிப்பா கேளுங்க. அல்சைமரா, பக்கவாதம் மாதிரி ரத்தக்குழாய் அடைச்சு வந்ததா, இல்ல லூவி பாடின்னு சொல்றாங்களே, மூளையில ஒரு புரதம் படிஞ்சு வர்றது, அந்த வகையா. ஏன் கேக்கணும்னு பின்னாடி மருந்து பத்தி சொல்றப்ப புரியும்.

ஆள் தேடறது

பெர்மிட் இல்லாத வெளிநாட்டு ஆள கம்மி சம்பளத்துக்கு வச்சுக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, நம்ம பக்கம் சொல்லாத ஆளே இல்ல. வேணாம். பிடிச்சா உங்களுக்கும் கேஸ், அதவிட முக்கியம், அந்த பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்கு போக பயப்படுவா, அவ பயந்துட்டே இருக்கற வீட்டுல பெரியவங்க நிம்மதியா இருக்க மாட்டாங்க.

மொறையா எடுக்கறதுன்னா 21லேருந்து 45 வயசுக்குள்ள உள்ள பொம்பள ஆளா இருக்கணும், வருஷா வருஷம் இமிகிரேசன்ல பாஸ் புதுப்பிக்கணும், மொத ஆளுக்கு லெவி (அரசாங்கத்துக்கு கட்டற வரி) 410 வெள்ளி (ரிங்கிட்), வெளிநாட்டு ஆளுங்களுக்குன்னு உள்ள ஃபோமேமா மெடிக்கல் செக்கப் இருக்கு. 2021 ஜூன்லேருந்து வீட்டு வேலை ஆளுங்களுக்கும் சொக்சோ (வேலையில அடிபட்டா உதவற காப்புறுதி) கட்டணும், நெறைய பேரு இத மறந்துடறாங்க. இந்தோனேசியா ஆள்னா 2022 ஏப்ரல்ல ரெண்டு நாடும் போட்ட ஒப்பந்தப்படி மாசம் கொறைஞ்சது 1,500 வெள்ளி, வாரத்துல ஒரு நாள் லீவு, பாஸ்போர்ட் அவ கையிலதான் இருக்கணும். பாஸ்போர்ட்ட வாங்கி நம்ம பீரோவுல பூட்டி வைக்கிறது இந்த நாட்டுச் சட்டப்படி குத்தம், ஏஜென்டே "நீங்க வச்சுக்கங்க"ன்னு சொன்னாலும் குத்தம்தான்.

ஏஜென்ட் கிட்ட பேசறப்ப "வீட்டு வேலைக்கு ஆள் வேணும்"னு மட்டும் சொன்னீங்கன்னா கூட்டிப் பெருக்க ஆள் அனுப்புவான். டிமென்ஷியா உள்ள பெரியவங்கன்னு சொல்லுங்க, ராத்திரி எழுந்திருப்பாங்கன்னு சொல்லுங்க, பாம்பெர்ஸ் மாத்தணும்னா அதையும் சொல்லுங்க. மறைச்சு கொண்டு வந்தா வந்த மொத வாரமே மொகம் சுருங்கிடும். வீடியோ கால்ல அந்த பொண்ணுகிட்டயே நேரா ஒரு கேள்வி கேளுங்க: "ஒரே விசயத்த ஒரு மணி நேரத்துல முப்பது தடவ கேட்டா நீ என்ன பண்ணுவ?" சிரிச்சுட்டு, எங்க பாட்டியும் அப்படித்தான்னு சொல்ற பொண்ணு, மூணு சர்டிபிகேட் காட்டற பொண்ண விட தேவல, இது என் கணக்கு.

வந்த மொத நாள்

"அம்மா, இது உங்கள பாத்துக்க வந்த ஆளு"ன்னு சொல்லாதீங்க. என்னைப் பாத்துக்க எவ எதுக்குன்னு கோவம் வரும், வாழ்நாள் பூரா ஒழைச்சு எட்டு புள்ள வளத்த மனுசி அவங்க. எனக்கு சமையலுக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கா, இங்கயே தங்கிக்கட்டுமான்னு அவங்ககிட்ட அனுமதி கேக்கற மாதிரி சொல்லுங்க. மொத ரெண்டு வாரம் வீட்டு ஆள் ஒருத்தர் லீவு போட்டாவது கூடவே இருக்கணும். சாப்பாடு அவ குடுக்கட்டும், நீங்க பக்கத்துல ஒக்காந்திருங்க. குளிப்பாட்டறத நீங்க செய்ங்க, அவ துண்ட எடுத்து குடுக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமா எடம் மாத்திக்கங்க.

அம்மாவோட ஒரு நாள் எப்படி போகும்னு ஒரு நோட்டு புக்குல எழுதி வைங்க. எத்தன மணிக்கு எழுந்திருப்பாங்க, கோப்பியில சீனி எவ்ளோ, எந்த பக்கம் படுப்பாங்க, எந்த சாமி படத்துக்கு மொதல்ல கும்புடுவாங்க, எத சொன்னா சிரிப்பாங்க, எத சொன்னா அழுவாங்க. செத்துப்போன புள்ள பேரு இருந்தா அதையும் எழுதுங்க, அந்த பேர சொல்லி தேடறப்ப அந்த பொண்ணு ஒண்ணும் புரியாம நிக்கக்கூடாது.

பாஷை ஒரு பெரிய விசயம். எஸ்டேட்டுல இருந்த காலத்துல பாசார் மலாய்ல (கடைத்தெரு மலாய்) நல்லா பேசினவங்கதான், ஆனா நோய் முத்த முத்த பெரும்பாலும் பின்னாடி கத்துக்கிட்ட பாஷை மொதல்ல போகும், சின்ன வயசு பாஷைதான் கடைசி வரைக்கும் நிக்கும். அதனால வந்த பொண்ணுக்கு தமிழ் கத்துக்குடுங்க. நூறு வார்த்தை வேணாம். வாங்க, ஒக்காருங்க, தண்ணி, சாப்பிடுங்க, வலிக்குதா, எங்க வலிக்குது, ஒண்ணுக்கு, வெளிக்கு, பயப்படாதீங்க, நான் இருக்கேன். இத ரூமி எழுத்துல (இங்கிலீஷ் எழுத்து) எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிடுங்க, உங்க கொரல்ல சொல்லி அவ ஹேண்ட்போன்ல பதிவு பண்ணியும் குடுங்க. கூப்புடறது "பாட்டி"ன்னே கூப்புடட்டும். பெரியவங்க அவள என்ன பேரு சொல்லி கூப்புட்டாலும் அவ வரட்டும். எங்க அம்மாவுக்கு வந்த காக்காக் (வேலைக்கு வர்ற பொண்ண அப்படித்தான் கூப்புடுவோம், மலாய்ல அக்கான்னு அர்த்தம்) ஒரு நேரம் தங்கச்சி, இன்னொரு நேரம் ஆயக்கொட்டகையில புள்ள பாத்த ஆயா. அந்த பொண்ணு ரெண்டுக்கும் "வரேன் பாட்டி"ன்னுதான் பதில் சொல்லுவா.

காலைல நாலு மணி

பால்மரம் வெட்டினவங்க, அதாவது ரப்பர் மரத்துப் பட்டைய கீறி பால் எடுத்தவங்க வீட்டுல இது கண்டிப்பா வரும், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். விடியக்காலைல நாலு, நாலரைக்கு எழுந்திருச்சிடுவாங்க. தலையில துண்ட சுத்தி கட்டுவாங்க, கைய வச்சு செவுத்துல தடவி உளி மாட்டற ஆணியத் தேடுவாங்க, "பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி பேரு கூப்புட்டுடுவான்"னு பொலம்பிட்டே வாசக்கதவ ஆட்டுவாங்க. பெரட்டுன்னா காலைல வேலைக்கு முன்னாடி ஆள் கூடி பேரு குடுக்கறது. முப்பது வருஷம் ஒடம்பு பழகின நேரம் அது, மூளையில எது அழிஞ்சாலும் இந்த பழக்கம் அவ்ளோ சீக்கிரம் அழியாது.

இந்த நேரத்துல "எஸ்டேட் எங்க இருக்கு, வித்து செம்பனை போட்டு எத்தன வருசமாச்சு"ன்னு விளக்கம் சொல்றதுல ஒரு பிரயோசனமும் இல்ல. அவங்களுக்கு அது பொய்யாத்தான் தெரியும், நம்மள தொரையோட ஆளுன்னு நெனைச்சு பயப்படவும் செய்வாங்க. கதவ மறிச்சுட்டு நிக்கவும் கூடாது, அடி விழும். செய்ய வேண்டியது இதுதான். லைட்ட போடுங்க, பளிச்சுன்னு இல்ல, சமையக்கட்டு லைட்டு போதும். "இந்தாங்க மொதல்ல கோப்பி குடிங்க"ன்னு கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) ஒரு கப்பு, ரெண்டு கிரீம் கிராக்கர். ஒக்காந்து குடிக்கறப்ப "ராத்திரி நல்ல மழை, மரமெல்லாம் ஈரம், இன்னிக்கு வெட்டு இல்லயாம்"னு சொல்லுங்க. மரம் வெட்டினவங்களுக்கு இது ஒடனே புரியும், ஈர மரத்த வெட்டினா பாலு மங்குல (பால் பிடிக்கற கிண்ணத்துல) விழாம பட்டையில ஒழுகிடும், மழை நாள்னா லீவுதான். ஒரு பெருமூச்சு விட்டுட்டு துண்ட அவுத்துடுவாங்க. இத காக்காக்குக்கு தமிழ்லயே சொல்லக் கத்துக்குடுத்துடுங்க: "மழை பாட்டி, வெட்டு இல்ல." 

பொய் சொல்றது பாவம் இல்லயான்னு ஒரு அக்கா கேட்டாங்க. பயத்த தணிக்கறதுக்கு சொல்றதுக்கும் ஏமாத்தி கையெழுத்து வாங்கறதுக்கும் வித்தியாசம் நமக்கே தெரியும்லா.

மழைன்னு சொல்லியும் நிக்கலன்னா கூட்டிட்டு போயி வாசல்ல ஒரு சுத்து நடங்க, கேட்டு வரைக்கும் போயிட்டு வந்தா போதும். பகல்ல கைக்கு வேலை குடுத்தா ராத்திரி நல்லா தூங்குவாங்க. கீரை ஆயறது, வெங்காயம் உரிக்கறது, துணி மடிக்கறது, பூ கட்டறது. மடிச்ச துணிய கலைச்சு திரும்ப குடுத்தாலும் பரவால்ல, ஆனா அவங்க கண்ணு முன்னாடி கலைக்காதீங்க. சாயங்காலம் அஞ்சரை ஆறுக்கு மேல பதட்டம் ஏறும், "எங்க வீட்டுக்கு போகணும்"னு ஆரம்பிப்பாங்க. அதுக்கு முன்னாடியே லைட்டு எல்லாம் போட்டு, ஜன்னல் திரைய இழுத்து மூடி, டிவியில சண்ட போடற நாடகத்த நிறுத்திட்டு பழைய பாட்டு போட்டுடுங்க. மத்தியான தூக்கம் முக்கால் மணி நேரத்துக்கு மேல வேணாம்.

குளிப்பாட்டறது

பாதி வீட்டுல சண்ட இங்கதான். "பாட்டி குளிக்க மாட்டேங்குறாங்க, அடிக்கிறாங்க"ன்னு காக்காக் அழும். கொஞ்சம் யோசிச்சு பாருங்க, லயத்துல (எஸ்டேட்டு வரிசை வீட்டுல) பொது பைப்புல, தொட்டியில மொண்டு, மாருக்கு மேல கைலிய கட்டிக்கிட்டு குளிச்சு பழகினவங்க. அவங்கள ஒரு சின்ன ரூமுக்குள்ள தள்ளி, பாஷை தெரியாத ஒரு பொண்ணு துணிய எல்லாம் அவுத்து, தலைக்கு மேலேருந்து ஷவர தொறந்து விட்டா யாருக்குத்தான் பயம் வராது? கைலியோடவே குளிக்கட்டும். வாளியில வெதுவெதுப்பா தண்ணி, ஒரு காயோங் (மொண்டு ஊத்தற சொம்பு), கால் வழுக்காத பிளாஸ்டிக் நாற்காலி, கீழ ரப்பர் பாய். தண்ணிய மொதல்ல பாதத்துல ஊத்தி, அப்புறம் முட்டி, கை, கடைசியாத்தான் தலை. காயோங்க அவங்க கையிலயே குடுத்துடுங்க, பாதிய அவங்களே ஊத்திப்பாங்க. ஈர கைலிக்கு மேல காஞ்ச கைலிய போட்டு அத உள்ளேருந்து உருவி எடுக்கறது எப்படின்னு நம்ம பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும், இந்தோனேசியா பொண்ணுக்கும் அது தெரிஞ்ச விசயம்தான், நீங்க சொல்லிக்குடுக்கவே வேணாம்.

தெனமும் குளிச்சே ஆகணும்னு பிடிவாதம் பிடிக்காதீங்க. முடியாத நாள்ல ஈரத்துணியால மொகம், அக்குள், தொடை இடுக்கு தொடைச்சா போதும். வெள்ளிக்கிழமை எண்ணெ தேய்ச்சு குளிக்கற பழக்கம் இருந்தவங்கன்னா அத விடாதீங்க, எண்ணெ வாசனைக்கே ஒக்காந்துடுவாங்க. பாத்ரூம் கதவுக்கு உள் தாழ்ப்பாள கழட்டிடுங்க. ராத்திரி பாத்ரூம் லைட்டு எரியட்டும், கதவு தொறந்தே இருக்கட்டும், கண்ணுக்கு பட்டாத்தான் போகணும்னு தோணும்.

சாப்பாடு

சாப்பிட்டு தட்டு கழுவறதுக்குள்ள "எனக்கு சோறே போடல"ன்னு பக்கத்து வீட்டுல போயி சொல்லுவாங்க. பக்கத்து வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க, இல்லன்னா ஊரெல்லாம் அந்த பொண்ணு பட்டினி போடறான்னு பேச்சாகும். "இப்பத்தானே சாப்பிட்டீங்க"ன்னு சொல்றதுக்கு பதிலா பாதி இட்லி, இல்ல ரெண்டு துண்டு பப்பாளி குடுத்துடுங்க, இதுக்காகவே பசியாறல்ல (காலை சாப்பாட்டுல) கொஞ்சம் எடுத்து வச்சுக்கலாம். வெள்ள தட்டுல வெள்ள சோறு போட்டா கண்ணுக்கு தெரியாது, கலர் தட்டு வாங்குங்க. கரண்டி பிடிக்க வரலன்னா கையில எடுத்து சாப்பிடற மாதிரி செய்ங்க, அது நம்ம பழக்கம்தானே.

சாப்பிடறப்ப இருமினாலோ, தண்ணி குடிச்சதும் கொரல் களகளன்னு மாறினாலோ முழுங்கறதுல பிரச்சினை ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட சொல்லணும். நேரா ஒக்கார வச்சு, சின்ன சின்ன வாயா, சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாம பாத்துக்கங்க. தண்ணி கேக்க மாட்டாங்க, நாமதான் குடுக்கணும். ராத்திரி ஒண்ணுக்கு போவாங்கன்னு தண்ணிய கொறைக்காதீங்க, பகல்லயே கூட குடுத்து ஏழு மணிக்கு மேல கொறைச்சுக்கங்க. மாத்திரை டப்பா பூட்டு போட்ட அலமாரியில இருக்கட்டும், குடுத்த ஒடனே நோட்டுல டிக் போடட்டும், இல்லன்னா ரெண்டு தடவ சக்கரை மாத்திரை உள்ள போயிடும்.

"அவ என் சங்கிலிய எடுத்துட்டா"

இது வந்தே தீரும். எந்த நல்ல பொண்ணு வந்தாலும் வரும். இந்த ஒரு விசயத்துல நீங்க எப்படி நடந்துக்கறீங்கங்கறத வச்சுத்தான் அந்த பொண்ணு இருப்பாளா போயிடுவாளான்னு முடிவாகும். வந்த மொத வாரமே சொல்லிடுங்க: பாட்டி உன்ன திருடின்னு சொல்லுவாங்க, அது நோய் பேசறது, எங்க யாருக்கும் உம்மேல சந்தேகம் வராது. ஆள் வர்றதுக்கு முன்னாடியே தாலிக்கொடி, வளையல், தோடு எல்லாத்தையும் போட்டோ எடுத்து, பேங்குல வச்சிட்டு, கழுத்துக்கு கவரிங் போட்டு விடுங்க. இது அந்த பொண்ணுக்கும் பாதுகாப்பு. காசு தேடறவங்கன்னா சுருக்குப்பையில ஒரு வெள்ளி நோட்டா பத்து போட்டு மடியில வச்சு விடுங்க, எண்ணிட்டே இருப்பாங்க.

கொறை சொல்றப்ப அந்த பொண்ண முன்னாடி நிக்க வச்சு விசாரிக்கவே கூடாது, பாட்டி மனசு ஆறட்டும்னு சும்மா நடிக்கக்கூட கூடாது. "காணமா? வாங்க தேடலாம்"னு பெரியவங்கள கூட்டிட்டு தேடுங்க. ஒளிச்சு வைக்கற எடம் பெரும்பாலும் மூணு நாலுதான் இருக்கும். அரிசி வாளி, தலகாணி உறை, சாமி படத்துக்கு பின்னாடி. நோட்டுல எழுதி வச்சுக்கங்க. குப்பைய கொட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ கிண்டி பாக்கறதும் நல்லது, பல்செட்டு போயிடும்.

வெளியூர்லேருந்து போன் பண்ற அண்ணன் தம்பிகளுக்கும் இத சொல்லி வைங்க. அம்மா போன்ல ரொம்ப தெளிவா பேசுவாங்க, "இந்த பொண்ணு என்ன அடிக்கிறா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், பினாங்குலேருந்து ஒரே கத்தல். அதே சமயம் கண்ண மூடிக்கவும் கூடாது. ஒடம்புல காயம், கைய தூக்கினா ஒதுங்கறது, அந்த பொண்ணு வந்தா மட்டும் மொகம் மாறறது, இதெல்லாம் இருந்தா நேரா பாருங்க. ஹால்ல கேமரா வைக்கலாம், அவகிட்ட சொல்லிட்டு வைங்க. பாத்ரூம்லயும் அவ தூங்கற எடத்துலயும் வைக்கக்கூடாது.

வெளிய கெளம்பி போறது

கேட்டு பூட்டு கண்ணு மட்டத்துல இல்லாம கீழயோ ரொம்ப மேலயோ இருந்தா தேட மாட்டாங்க. கேட்டு தொறந்தா மணி அடிக்கற சின்ன சாதனம் ஹார்ட்வேர் கடையில கெடைக்கும். ஆள் இல்லாம உள்ள பூட்டிட்டு மட்டும் போகாதீங்க, தீப்பிடிச்சா வெளிய வர வழி இல்ல. சட்டையோட உள்பக்கம் பேரும் உங்க போன் நம்பரும் தச்சு வைங்க. கோயில் குருக்கள், முக்கு மாமாக் கடை, மோட்டோ பட்டறை, எதிர்வீட்டு சீனப் பாட்டி எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. காணோம்னா மொதல்ல லோங்காங்க (சாக்கடைய) பாருங்க, அப்புறம் பழைய எஸ்டேட்டு போற ரோட்டுப் பக்கம் போங்க, பெரும்பாலும் கால் அங்கதான் இழுக்கும். போலீசுக்கு போக 24 மணி நேரம் காத்திருக்கணும்னு சொல்றது தப்பு, ஒடனே 999க்கு அடிக்கலாம். இந்த மாசம் எடுத்த போட்டோ ஒண்ணு எப்பவும் ஹேண்ட்போன்ல இருக்கட்டும், அறுபதாம் கல்யாண போட்டோ காட்டினா யாருக்கும் அடையாளம் தெரியாது.

அந்த பொண்ணு தூங்கணும்

நான் சொல்ல வந்ததுலயே இதுதான் பெருசு. பாட்டி ராத்திரி நாலு தடவ எழுந்திருப்பாங்க, காக்காக்கும் நாலு தடவ எழுந்திருப்பா, காலைல ஆறு மணிக்கு வீட்டுக்கே சமைக்கணும், துணி துவைக்கணும், தம்பி காடிய (கார) கழுவணும். எந்த ஒடம்பு தாங்கும்? தூக்கம் இல்லாத ஆளுக்கு கோவம் வரும், கோவம் வந்தா கை நீளும், கை நீண்டப்புறம் அவள மட்டும் குத்தம் சொல்லி என்ன பிரயோசனம். வாரத்துல ரெண்டு ராத்திரியாவது வீட்டு ஆள் பாட்டி ரூமுல படுங்க. ஆம்பளைங்களும்தான், "எனக்கு காலைல வேலை இருக்கு"ன்னா அவளுக்கும் காலைல வேலை இருக்கு. ராத்திரி ரெண்டு தடவைக்கு மேல எழுந்தா மறுநாள் மத்தியானம் ரெண்டு மணி நேரம் அவ கதவ சாத்திட்டு படுக்கட்டும், அந்த நேரம் பாட்டிய யாரு பாக்கறதுன்னு பேரு எழுதி வைங்க. அண்ணன் வீட்டுல விசேஷம், கூட்டிப் பெருக்க அனுப்புன்னு கேப்பாங்க. அனுப்பாதீங்க, பெர்மிட்டுல இருக்கற வீட்டுல மட்டும்தான் அவ வேலை செய்யலாம்.

சம்பளம் தேதி தவறாம பேங்குல போகட்டும். ஹேண்ட்போன வாங்கி வைக்காதீங்க, ராத்திரி அவ புள்ளைய பாத்து பேசறதுதான் அவளுக்கு தெம்பு. முஸ்லிம் பொண்ணுன்னா தொழுகைக்கு எடம் குடுங்க, நோன்பு மாசத்துல பாட்டிய தூக்கி குளிப்பாட்டற கனமான வேலைய காலைலயே முடிச்சுக்கற மாதிரி நேரத்த மாத்துங்க, நோன்பு தொறக்கற நேரமும் பாட்டிக்கு பதட்டம் ஏறற நேரமும் ஒண்ணா வரும், அந்த அரை மணி நேரம் வீட்டு ஆள் ஒருத்தர் பாட்டியோட இருந்தே ஆகணும்.

மருந்து, திடீர் மாத்தம்

டிமென்ஷியா பெரும்பாலும் மெதுவாத்தான் எறங்கும். ரெண்டே நாள்ல ஆள் மாறிட்டா, இல்லாத ஆளோட பேசினா, பகல் பூரா தூங்கி வழிஞ்சா, அது நோய் முத்தினதுதான்னு விட்டுறாதீங்க, வேற ஏதோ நடக்கலாம். சிறுநீர்ல கிருமி, மலச்சிக்கல், தண்ணி பத்தாதது, விழுந்து தலையில அடி, புது மாத்திரை. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. கடைசியா எப்ப வெளிக்கு போனாங்கன்னு நோட்டுல இருந்தா டாக்டருக்கு பாதி வேலை மிச்சம்.

சளிக்கு குடுக்கற பிரிட்டான் மாதிரி தூக்கம் வர்ற மருந்து கூட இவங்களுக்கு குழப்பத்த அதிகமாக்கும், கடையில கேட்டு வாங்கி குடுக்காதீங்க. டோனிபெசில், மெமாண்டின் மாதிரி மருந்து நோய குணமாக்காது, சில பேருக்கு கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்ளோதான். ரொம்ப ஆர்ப்பாட்டம் பண்றாங்கன்னு அமைதியாக்கற மாத்திரை கேப்போம், அதுல சிலது பக்கவாதம், சாவு வரைக்கும் ஆபத்த கூட்டும்னு எச்சரிக்கையே இருக்கு, லூவி பாடி வகைன்னா ஹாலோபெரிடால் மாதிரி மருந்து ரொம்பவே மோசம். அதான் எந்த வகைன்னு மொதல்லயே கேளுங்கன்னு சொன்னேன்.

காசும் காயிதமும்

பேங்கு விசயம், வீட்டு கிராண்டு (பத்திரம்) எல்லாத்தையும் அவங்களுக்கு புத்தி தெளிவா இருக்கறப்பவே அவங்க சம்மதத்தோட பேசி முடிங்க. சுராட் குவாசா (அதிகாரப் பத்திரம்) எழுதி வச்சா போதும்னு நெனைப்போம், ஆனா சாதாரணமா அவங்களுக்கு முடிவெடுக்கற தெளிவு போயிட்டா அது செல்லாது, அப்புறம் 2001 மனநலச் சட்டத்துப்படி ஹைகோர்ட்டு வரைக்கும் போகணும். வசதி இல்லாத பெரியவங்களுக்கு ஜேகேஎம் (சமூக நல இலாகா) குடுக்கற வார்கா எமாஸ் (மூத்த குடிமக்கள்) உதவி 2025லேருந்து மாசம் 600 வெள்ளி, தகுதி இருக்கான்னு மாவட்ட ஆபிஸ்ல கேளுங்க. வருமான வரி கட்டற பிள்ளைங்க அப்பா அம்மா வைத்தியம், பாத்துக்கற ஆள் செலவுன்னு 8,000 வெள்ளி வரைக்கும் கழிச்சுக்கலாம், டாக்டர் கடிதமும் ஆளோட பெர்மிட் நகலும் வச்சுக்கங்க. யார்கிட்டயாவது பேசணும்னா பெட்டாலிங் ஜெயாவுல அல்சைமர் அறக்கட்டளை இருக்கு, குடும்பத்துக்கு வழி சொல்லுவாங்க.

கடைசியா ஒண்ணு. எந்த பொண்ணும் ஒரு நாள் ஊருக்கு போவா, லீவுக்கோ மொத்தமாவோ. கான்ட்ராக்ட் முடியறதுக்கு மூணு மாசம் இருக்கறப்பவே இருப்பாளான்னு கேட்டுடுங்க. அதுக்கும் முன்னாடியே, உங்க பாட்டியோட எஸ்டேட்டுல ஒண்ணா இருந்த குடும்பத்துல சும்மா இருக்கற அக்கா யாராவது இருந்தா மாசத்துல ரெண்டு மூணு தடவ அரை நாள் வரச் சொல்லி கூலி குடுங்க. சும்மா ஒக்காந்து பேச இல்ல, கைலியோட குளிப்பாட்ட, மாத்திரை குடுக்க, நோட்டு எழுத எல்லாம் காக்காக் கூட நின்னு பழகட்டும், பாட்டிக்கும் அந்த மொகம் பழகிடும். காக்காக் ஃப்ளைட் ஏறற அன்னிக்கு கதவ தொறந்து வர்றது புது ஆளா இருக்கக்கூடாது.